தைப்பே, சோல், மேடான், டெல்லி: செமஸ்டர் விடுமுறைக்கு எது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளை, "விடுமுறையில் வெளிநாட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் படிக்கிறேன்" என்று சொன்னால் வீட்டில் முதலில் எழுவது பணக் கேள்வி. அடுத்தது, "கூட யாரெல்லாம் வர்றாங்க?" வகுப்பே மொத்தமாகப் போகிறது என்றால் அம்மாவுக்கு நிம்மதி. எனக்கோ அங்கேதான் தயக்கம் தொடங்குகிறது. வகுப்புத் தோழர்கள் இருபது பேர் கூடவே இருந்தால், போன ஊரில் வேறு யாரிடம் பேசப் போகிறார்கள்?

அதனால் இந்தத் திட்டங்களை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வகுப்பு முடிந்த பிறகு மீதி நாளை மாணவர் யாரோடு, எந்த மொழியில் கழிக்கிறார்? செலவு, கிரெடிட், விசா, சாப்பாடு எல்லாம் முக்கியம்தான், அவையும் வரும். ஆனால் இரண்டு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் இந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

விரிவுரையாளரோடு பத்து நாள்

பெற்றோருக்கு மிகவும் பிடித்தது இந்த ஸ்டடி டூர். தேதி நம் செமஸ்டருக்கு ஏற்ப அமையும், விமான டிக்கெட்டிலிருந்து தங்கும் இடம் வரை துறையே பார்த்துக்கொள்ளும், ஏதாவது என்றால் விரிவுரையாளர் பக்கத்தில் இருப்பார். கட்டடக்கலை மாணவர் ஒரு நகரத்தை நேரில் நடந்து பார்ப்பதும், பொறியியல் மாணவர் ஒரு தொழிற்சாலைக்குள் போய் வருவதும் வீண் இல்லை.

ஆனால் 'மூன்று கிரெடிட் கிடைக்கும்' என்று அறிவிப்பில் போட்டிருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மலேசியத் தகுதி முறைப்படி ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரப் படிப்பு. வகுப்பு, சொந்த வாசிப்பு, ஒப்படைப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று கிரெடிட் என்றால் 120 மணி நேரம். பத்து நாள் பயணத்தில் பேருந்தில் தூங்கிய நேரத்தைச் சேர்த்தால்கூட இடிக்கிறது. எனவே கேட்க வேண்டியது: கிளம்புவதற்கு முன் என்ன வாசிக்கச் சொல்கிறார்கள், திரும்பிய பிறகு என்ன எழுதச் சொல்கிறார்கள்? அதற்குச் சரியான பதில் இருந்தால் அது பாடம். இல்லையென்றால் சுற்றுலா. சுற்றுலாவாகவே போகலாம், தப்பில்லை. பாடத்துக்கான கட்டணம் மட்டும் கொடுக்காதீர்கள்.

டெல்லி வழியாக மூன்று வாரம்

இந்திய வெளியுறவு அமைச்சு நடத்தும் 'நோ இந்தியா' திட்டம் நம் ஆட்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. 2003 முதல் நடக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளி இளைஞர்களுக்கு ஏறக்குறைய மூன்று வாரப் பயணம். விமானக் கட்டணத்தில் 90 விழுக்காட்டை அவர்களே ஏற்கிறார்கள், அங்கே தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. விண்ணப்பம் இந்தியத் தூதரகம் வழியாகப் போகும். வயது 21 முதல் 35 வரை என்பதால் டிப்ளோமா படிக்கும் பத்தொன்பது வயதுக்காரர் காத்திருக்க வேண்டியதுதான்.

பணக் கணக்கில் இதை மிஞ்ச இந்த வரிசையில் ஆள் இல்லை. மொழிக் கணக்கில் அப்படிச் சொல்ல முடியாது. குழுவின் பொதுமொழி ஆங்கிலம், நிகழ்ச்சி நிரல் காலை முதல் இரவு வரை நிறைந்திருக்கும், ஓர் ஊரில் கால் ஊன்றுவதற்குள் அடுத்த ஊர். தமிழ்நாட்டுக்குத்தான் கூட்டிப் போவார்கள் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. எந்த மாநிலம் என்பது அந்தந்த அணியைப் பொறுத்தது. உண்மையான லாபம் கூட வருகிறவர்கள்தான். பிஜி, தென்னாப்பிரிக்கா, மொரிஷியஸ், டிரினிடாட் என்று கரும்புக்காடுகளுக்குக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளோடு மூன்று வாரம் ஒரே பேருந்தில் இருப்பது நம் ரப்பர் தோட்டக் கதையை வேறு கோணத்தில் பார்க்க வைக்கும். வரலாறு, சமூகவியல், இதழியல் படிப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். கிரெடிட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

சோல்: ஆசை அதிகம், தேதி இடிக்கும்

கொரியா என்றதும் பிள்ளைகளின் முகம் மலர்வதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இரண்டு வகை இருக்கிறது, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று சம்மர் ஸ்கூல்: யோன்சே பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்துவது போல, ஆங்கிலத்தில் பொருளாதாரம், அரசியல், பண்பாடு என்று பாடங்கள் எடுத்து கிரெடிட் வாங்கி வருவது. மற்றொன்று மொழி மையம்: திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நான்கு மணி நேரம், 10 வாரம், மொத்தம் 200 மணி நேரம் கொரிய மொழி.

மொழி கற்க வேண்டுமென்றால் இரண்டாவதுதான், சந்தேகமே இல்லை. 10 வாரம் என்பது 70 நாள். மலேசியக் கடப்பிதழுக்கு விசா இல்லாமல் கிடைக்கும் 90 நாளுக்குள் அது அடங்கிவிடும். கிளம்புமுன் கே-ஈ.டி.ஏ எனும் இணைய அனுமதி மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் நாட்காட்டியில். அங்கே கோடைப் பருவம் ஜூனில் தொடங்கும், இலையுதிர்ப் பருவம் செப்டம்பரில். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் செமஸ்டர் தேர்வு முடியவே ஜூலை ஆகும், அக்டோபரில் புதிய ஆண்டு. முதல் பருவத்தின் தலையும் இரண்டாம் பருவத்தின் வாலும் வெட்டுப்படும். தனியார் கல்லூரி மாணவர்களுக்கு விடுமுறை வேறு மாதத்தில் வரலாம், ஆனால் பெரும்பாலும் அது 10 வாரம் நீளாது. எனவே நடைமுறையில் பலருக்குக் கிடைப்பது மூன்று வாரக் குறுவகுப்புதான். மூன்று வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் கடையில் விலை கேட்கவும் வரும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம். வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் வெளிநாட்டவர், எனவே மத்தியானத்துக்குப் பிறகு எல்லாரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் குழம்பில் மிதக்கும் நெத்திலியோடு தினமும் போராட வேண்டியிருக்கும்.

மாண்டரின்: தைவானா, சீனாவா?

நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் வேலை தேடியவர்களுக்குத் தெரியும், 'மாண்டரின் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை' என்ற வரி எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்று. அது நியாயமா என்று தனியாக வாதாடலாம், நானும் வருவேன். ஆனால் விண்ணப்பம் அனுப்பும் பிள்ளைக்கு அந்த வாதம் சம்பளம் தராது. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப் பள்ளிக்குப் போய் வந்தவருக்கு ஏற்கெனவே மூன்று மொழி கைவசம். நான்காவதைப் பிடிக்க இரண்டு மாதம் வெளியே இருப்பது பெரிய உதவி.

தைவான் கல்வி அமைச்சின் ஹுவாயூ மொழி உதவித்தொகையில் இரண்டு மாதக் கோடைகாலப் பிரிவும் உண்டு. மாதாமாதம் ஒரு தொகை தருவார்கள், கட்டணம், வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் அதிலிருந்து நீங்களே சமாளிக்க வேண்டும். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேர வகுப்பு கட்டாயம். மட்டம் போட்டால் பணம் நிற்கும். மொழி மையத்தில் நாமே இடம் தேடிப் பதிய வேண்டும் என்பதால் ஒருவர் தைப்பேயிலும் இன்னொருவர் தைனானிலும் போய் விழுவார்கள். பெற்றோர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு இதுதான் இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய பலம். தனியாக அறை எடுத்து, வீட்டுக்காரரிடம் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றிப் புகார் சொல்லும்போது வாயில் வரும் மாண்டரின் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

சீனாவில் இப்போது மலேசியர்களுக்கு 30 நாள் விசா இல்லா நுழைவு. அதைப் பார்த்து நான்கு வார முகாம்கள் கவர்ச்சியாகத் தெரிகின்றன. 180 நாளுக்கு உட்பட்ட படிப்புக்கு அங்கே எக்ஸ்2 என்று தனி விசாவே இருக்கிறது. எனவே எந்த விசாவில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று அழைக்கும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் வாங்கிவிட்டே டிக்கெட் போடுங்கள். முகாம் என்பது பெரும்பாலும் குழுவாகப் போவது, காலையில் வகுப்பு, மாலையில் காகித வெட்டுக்கலை, வார இறுதியில் பெருஞ்சுவர். முதல் பத்தியில் நான் கேட்ட அதே கேள்வி இங்கேயும் வரும்.

எழுத்து விஷயத்தில் சீனாவுக்கு ஒரு சாதகம். நம் நாட்டுச் சீனப்பள்ளிகளிலும் அங்கேயும் எளிமையாக்கப்பட்ட எழுத்தும், உச்சரிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் பின்யின் முறையும்தான். தைவானில் பழைய முழு எழுத்து, உச்சரிப்புக்கு ஜூயின் என்ற தனிக் குறியீடு. இங்கே எச்.எஸ்.கே எனும் சீனாவின் மாண்டரின் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர் அங்கே போய் முதல் வாரம் திணறுவார். திரும்பி வந்தபின் பெட்டாலிங் ஸ்திரீட் பழைய கடைகளின் பலகைகளைப் படிக்க முடியும் என்பது ஆறுதல். பேச்சுதான் நோக்கம் என்றால் இந்த வேறுபாட்டுக்குப் பயப்பட வேண்டாம்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. சௌராஸ்தா சந்தையில் மீன் வாங்கிப் பழகிய காது ஹொக்கியனுக்குப் பழகிய காது. தைவானில் மாண்டரினுக்கு அடுத்துப் பரவலாகப் பேசும் தைவானிய மொழியும் ஹொக்கியனைப் போல மின்னான் எனும் சீனமொழிக் கிளையைச் சேர்ந்ததுதான். இரவுச் சந்தையில் ஒரு வார்த்தை எடுத்து விட்டால் கடைக்கார அம்மா சும்மா விடமாட்டார். கோலாலம்பூரில் கான்டனீஸ் கேட்டு வளர்ந்தவருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. சாப்பாட்டுக் கவலையும் தைவானில் குறைவு. சைவ உணவகங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மாட்டிறைச்சி நூடுல்ஸ் அந்த ஊரின் பெருமை என்பதால் அதைத் தவிர்ப்பவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

ஆக, என் தீர்ப்பு தைவான் பக்கம். ஒரே நிபந்தனை: பூஜ்யத்திலிருந்து போகாதீர்கள். வளாகத்தில் கிடைக்கும் மாண்டரின் பாடத்தை இரண்டு செமஸ்டராவது எடுத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் பாதி, தொனி பிடிப்பதிலேயே கரைந்துவிடும்.

பக்கத்து வீட்டு இந்தோனேசியா

ஒரு செமஸ்டரையே கொடுக்க முடிகிறவர் இதைப் பார்க்காமல் கடந்து போகக் கூடாது. தென்கிழக்காசியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே எய்ம்ஸ் எனும் மாணவர் பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. 2010-இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் தொடங்கி வைத்தது. போகும் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் கிடையாது, கிரெடிட்டும் திரும்பி வரும் ஏற்பாடு. வெளிநாடு என்று சொல்லிக்கொள்ளக் கவர்ச்சி இல்லையே என்று பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

நம் தேசிய மொழி தெரிந்தவருக்கு யோக்யகர்த்தாவின் காஜா மாடா பல்கலைக்கழக விரிவுரை இரண்டாம் வாரத்திலிருந்து புரியத் தொடங்கிவிடும். 'கோஸ்' என்று சொல்லும் மாத வாடகை அறைகளில் உள்ளூர் மாணவர்களோடு தங்கலாம், மாணவர் மன்றங்களில் சண்டை போடலாம். வேறு எந்த ஊரிலும் இவ்வளவு சீக்கிரம் உள்ளே போக முடியாது. பினாங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடக்கூடிய மேடானில் 1884-இல் எழுந்த மாரியம்மன் கோவிலும், அதைச் சுற்றிக் கம்போங் மெட்ராஸும் இருக்கின்றன. புலம்பெயர்ந்த தமிழரைப் பற்றி ஆய்வு செய்ய நினைப்பவர் அங்கே உள்ள சுமத்ரா உத்தாரா பல்கலைக்கழகத்தோடு தன் துறைக்கு உடன்பாடு உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். ஆசியான் குடிமக்களுக்கான 30 நாள் இலவச நுழைவு இதற்குப் போதாது, படிப்புக்கான அனுமதி தனியாக வேண்டும்.

பயப்பட வேண்டியது கிரெடிட்டுக்குத்தான். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று துறைத் தலைவர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் கிளம்பினால், திரும்பி வந்து ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்க நேரலாம். கல்விக் கடனில் படிப்பவருக்கு அது கையைக் கடிக்கும்.

இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவர்களுக்குத் தேதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஹுவாயூ விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோலாலம்பூரில் உள்ள தைப்பே பொருளாதார, கலாசார அலுவலகம் வழியாக. பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பதால் விரிவுரையாளரை ஜனவரியிலேயே பிடியுங்கள், பிப்ரவரியில் அவர் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். இந்தோனேசியா என்றால் அதற்கும் முன்னால், போகும் செமஸ்டருக்கு முந்தைய செமஸ்டரின் தொடக்கத்திலேயே அனைத்துலகப் பிரிவின் கதவைத் தட்ட வேண்டும்.