இரவு மீட்டிங்குக்கு வெப்கேம்: 4கே-யை விடுங்கள், சென்சாரைப் பாருங்கள்

அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு மீட்டிங் தொடங்குவதே இரவு எட்டு மணிக்கு மேல்தான். தலைக்கு மேலே ஒரு டியூப்லைட், எதிரே மானிட்டர், அவ்வளவுதான் வெளிச்சம். பகலில் ஜன்னலோரம் பளிச்சென்று காட்டிய அதே கேமரா, இப்போது முகத்தைப் புள்ளி புள்ளியாகக் காட்டும். கையை அசைத்தால் பின்னால் ஒரு நிழல் இழுபடும். கடையில் கேட்டால் "4கே எடுத்துக்கங்க சார்" என்பார்கள். சின்ன சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லு) 4கே என்றால் இருட்டில் நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

காரணம் எளிது. 1080பி-யில் (ஃபுல் எச்டி) சுமார் 20 லட்சம் பிக்சல், அதாவது படப்புள்ளி; 4கே-யில் சுமார் 83 லட்சம். சென்சாரின் அளவு மாறாமல் பிக்சலை மட்டும் நான்கு மடங்காக்கினால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி கால்வாசி. அந்தக் குறையை கேமரா மின்னணு முறையில் பெருக்கி ஈடுகட்டும். அதற்குப் பெயர்தான் கெயின். கெயின் ஏற ஏற இரைச்சலும், அதாவது படத்தில் ஊரும் புள்ளிகளும், ஏறும். அதை மறைக்க கேமராவுக்குள் இருக்கும் நிரல் படத்தை வழுவழுப்பாக்கும். புருவமும் தாடியும் கரைந்து முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆவது அதனால்தான். இவ்வளவுக்கும் ஜூம், மீட் போன்றவை எதிராளிக்கு அனுப்புவது பெரும்பாலும் 1080பி-யைவிடச் சிறிய 720பி அல்லது அதற்கும் கீழே.

ஆகவே அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் உள்ளதை விட்டுவிட்டு விவரப்பட்டியலில் இரண்டைத் தேடுங்கள். ஒன்று சென்சார் அளவு. 1/4, 1/2.8, 1/2, 1/1.2 அங்குலம் என்று பின்னமாகப் போட்டிருப்பார்கள். கீழே உள்ள எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது. மற்றது லென்ஸின் எஃப் எண், அதாவது லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்ற கணக்கு; இதுவும் சிறியதாக இருந்தால் நல்லது. எஃப்/2.8-ஐவிட எஃப்/2.0 இரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப்/2.4-க்கும் எஃப்/1.7-க்கும் இடையிலும் ஏறக்குறைய அதே வித்தியாசம்தான். இரண்டையும் ஒரு நிறுவனம் எங்குமே சொல்லவில்லை என்றால், பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இனி மாடல்கள். லாஜிடெக் சி920, 2012-ல் வந்தது. இன்றும் பலர் பரிந்துரைக்கிறார்கள். பகலுக்கு நல்ல கேமரா. இரவில் பிடிக்கும் படம் சுமார்தான், ஆனால் பின்னால் சொல்லும் செட்டிங்கை மாற்றினால் கணிசமாகத் தேறும். கையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். புதிதாக வாங்குபவர்கள் இதற்குப் பணம் போட வேண்டாம்.

ரேசர் கியோ ப்ரோ (2021) 1080பி-யில் நின்றுகொண்டது. அதுவே அதன் பலம். சோனியின் ஸ்டார்விஸ் வகை சென்சார், 1/2.8 அங்குலம், ஒரு பிக்சல் 2.9 மைக்ரான். ஸ்டார்விஸ் என்பது கண்காணிப்புக் கேமராக்களுக்காக, அதாவது இருட்டில் பார்ப்பதற்காகவே உருவான வரிசை. மானிட்டர் வெளிச்சத்தில் மட்டும் உட்கார்ந்தாலும் முகம் தெரியும். எச்டிஆர் (வெளிச்சமான இடமும் இருண்ட இடமும் ஒருசேரத் தெரியவைக்கும் வசதி) போட்டால் நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு இறங்கிவிடும். இரவு மீட்டிங்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அதன் அண்ணன் கியோ ப்ரோ அல்ட்ரா (2023), அறிமுக விலை 299.99 டாலர். இங்கே 4கே-க்கு அர்த்தம் இருக்கிறது. சென்சார் 1/1.2 அங்குலம், லென்ஸ் எஃப்/1.7. சென்சாரின் பரப்பும் ஏறக்குறைய நான்கு மடங்கு பெருகிவிட்டதால் பிக்சல் சுருங்கவில்லை. 4கே-யில் பிடித்து 1080பி-யாகச் சுருக்கும்போது நான்கு பிக்சலின் சராசரி ஒன்றாகி, இரைச்சல் பாதியாகும். குறை என்னவென்றால், பெரிய சென்சாரும் அகலமாகத் திறக்கும் லென்ஸும் சேர்ந்தால் ஃபோகஸ் ஆழம், அதாவது தெளிவாகத் தெரியும் தூரத்தின் அளவு, குறையும். சற்றுப் பின்னால் சாய்ந்தால் ஆட்டோஃபோகஸ் தேட ஆரம்பிக்கும், இருட்டில் இன்னும் தடுமாறும். நாற்காலியை நகர்த்தாதவர்கள் ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிடுவது நல்லது.

எல்காட்டோ ஃபேஸ்கேம் (2021) நேர்மாறு. நிலையான ஃபோகஸ்; 30 முதல் 120 செ.மீ. வரை எப்போதும் தெளிவு, தேடலே கிடையாது. ஆனால் லென்ஸ் எஃப்/2.4-தான், மைக்கும் இல்லை. மேசை விளக்கு ஒன்று வைத்திருப்பவர்களுக்கு அருமையான கேமரா. விளக்கே இல்லாத அறைக்குச் சரிவராது. கூட வரும் கேமரா ஹப் மென்பொருள் ஐஎஸ்ஓ எண்ணை, அதாவது கெயின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை, திரையிலேயே காட்டுகிறது. விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வசதி எல்லா கேமராவிலும் வந்திருக்க வேண்டும்.

நடுத்தரமாக ஒன்று வேண்டுமென்றால் 1/2 அங்குல சென்சாரும் எஃப்/1.8 லென்ஸும் கொண்ட இன்ஸ்டா360 லிங்க் 2சி. கேமராவின் தலையைத் திருப்பி ஆளைத் தொடரும் மோட்டார் வைத்த லிங்க் 2-வும் அதே சென்சார்தான். உட்கார்ந்து பேசுபவருக்கு அந்த மோட்டாருக்கான கூடுதல் பணம் வீண். விளக்கில்லாத அறை, அளவான பட்ஜெட் என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வோம்.

எதை வாங்கினாலும் செட்டிங்கைத் தொடாமல் விட்டால் பாதிப் பணம் வீண். இருட்டானதும் பெரும்பாலான வெப்கேம்கள் தாமாகவே எக்ஸ்போஷர் நேரத்தை (ஒரு ஃப்ரேமுக்கு ஒளி சேர்க்கும் நேரம்) நீட்டி, நொடிக்கு 30 ஃப்ரேமை 15-ஆகக் குறைத்துவிடும். கை இழுபடுவது அதனால்தான். விண்டோஸில் ஓபிஎஸ் என்ற இலவச வீடியோ மென்பொருளை நிறுவி, கேமராவைச் சேர்த்து, 'கான்ஃபிகர் வீடியோ' பட்டனை அழுத்துங்கள். 'கேமரா கன்ட்ரோல்' பக்கத்தில் எக்ஸ்போஷருக்குப் பக்கத்தில் உள்ள ஆட்டோ டிக்கை எடுங்கள். 'லோ லைட் காம்பன்சேஷன்' இருந்தால் அதையும் எடுங்கள். அங்கே தெரியும் -5, -6 எல்லாம் இரண்டின் அடுக்குகள்: -5 என்றால் 1/32 நொடி, -6 என்றால் 1/64. இருட்டுக்கு -5. அடுத்த பக்கத்தில் கெயினை முகம் தெரியும்வரை மட்டும் ஏற்றுங்கள். பிரைட்னஸைத் தொடாதீர்கள், அது ஒளியைக் கூட்டாது, கறுப்பைச் சாம்பலாக்கும். வொயிட் பேலன்ஸையும் (விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்வது) பூட்டுங்கள். மானிட்டரின் நீலமும் பல்பின் மஞ்சளும் கலந்த அறையில் ஆட்டோவில் விட்டால், திரையில் பக்கம் மாறும்போதெல்லாம் முகத்தின் நிறமும் மாறும்.

60 ஃப்ரேம் வேண்டாம். 60-ல் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் அதிகபட்சம் 1/60 நொடி. 30-ல் அதன் இரு மடங்கு. ஒளியும் அதே கணக்கில் குறையும்.

படத்தில் கிடைக்கோடுகள் மெல்ல நகர்ந்தால் கேமரா பழுதென்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். மலிவான எல்இடி பல்பு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கேமராவோ 60 ஹெர்ட்ஸில் செட் ஆகி வந்திருக்கும். 'பவர்லைன் ஃப்ரீக்வன்சி' என்ற இடத்தில் 50-க்கு மாற்றினால் சரியாகிவிடும். எக்ஸ்போஷரை மேனுவலில் வைத்தால் அது 10 மில்லிசெகண்டின் (பல்பு ஒருமுறை மங்கி ஒளிரும் நேரம்) மடங்காக இருப்பது நல்லது. விண்டோஸின் -5 சரியாக 31.25 மில்லிசெகண்ட் என்பதால் லேசான கோடு மிஞ்சலாம். லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை: எக்ஸ்போஷர் 100 மைக்ரோசெகண்ட் அலகில் இருக்கும், 300 என்று கொடுத்தால் 30 மில்லிசெகண்ட். கனடா, அமெரிக்காவில் இருப்பவர்கள் 60-ஐ அப்படியே விட்டுவிடலாம்.

யுஎஸ்பி விஷயமும் உண்டு. சுருக்காத 1080பி 30 ஃப்ரேமுக்கு நொடிக்குச் சுமார் 1000 மெகாபிட் வேண்டும்; யுஎஸ்பி 2.0-வின் எல்லை 480. எனவே கேமரா படத்தைச் சுருக்கியே அனுப்பும், இரைச்சல் நிறைந்த படம் சுருங்கும்போது கட்டம் கட்டமாகச் சிதறும். யுஎஸ்பி 3 கேமராவை ஹப் வழியாக இல்லாமல் நேராகக் கணினியின் யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அறை விளக்கை அணைத்து மானிட்டரில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முகத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துள்ள மாத்திரை அட்டையைப் பிடித்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எழுத்து படிக்கும்படி இருக்கிறதா, தலைமுடி தனித்தனியாகத் தெரிகிறதா, விரலை அசைத்தால் எவ்வளவு இழுபடுகிறது, மேலே கறுப்பான மூலையில் புள்ளிகள் ஊர்கின்றனவா என்று பாருங்கள். மலிவு விலை '4கே' கேமராக்களில் பல, சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்குபவை. நல்ல வெளிச்சத்தில் அதே அட்டையை 1080பி-யிலும் 4கே-யிலும் பிடித்து ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேமராவுக்கே பணம் போட மனமில்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 9 வாட் எல்இடி பல்பு போட்ட மேசை விளக்கை மானிட்டருக்குப் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புவது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் மெத்தென்று விழும், மூக்குக் கண்ணாடியிலும் பல்பு பளீரென்று தெரியாது. இரண்டு, போன். பல போன்களின் பின்பக்க முதன்மைக் கேமராவில் 1/2 அங்குலமோ அதற்கும் பெரியதோ ஆன சென்சார் இருக்கிறது. ஐபோனும் மேக்கும் வைத்திருப்பவர்களுக்கு 2022-ல் வந்த வென்சுரா என்ற மேக் இயங்குதளம் முதலே, ஐபோனை வெப்கேமாகப் பயன்படுத்தும் கன்டின்யூட்டி கேமரா வசதி உண்டு. விண்டோஸ் 11-லும் ஆண்ட்ராய்டு போனைக் கேமராவாக இணைக்கலாம். நீண்ட மீட்டிங்கில் போன் சூடாகும், ஆகவே கேஸைக் கழற்றிவிட்டு, சார்ஜரில் போட்டு, மின்விசிறிக் காற்று படும் இடத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.