தண்ணீர் குடிக்கிற லேசர்: ஏழு மழைக்காலத்துக்குப் பிறகு

ஐப்பசி, கார்த்திகையில் கட்டிப்போட்ட படகுகளைத் தை பிறந்ததும் வெளியே இழுப்பது சென்னையில் வழக்கம். "பழைய லேசர் ஒண்ணு குறைஞ்ச விலைக்கு வருதுண்ணே, வாங்கலாமா?" என்ற கேள்வியும் கிளப்பில் அதே வாரம்தான் வரும். லேசர் என்பது ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகு; என்னுடையது ஏழு மழைக்காலம் கண்டது. இந்த வருடம் என் படகின் மாஸ்ட் (பாய்மரம்) நிற்கும் குழியில் ஊற்றிய எபாக்ஸிப் பசை சூடு ஆறிக் காய்வதற்கு முன்பே வந்துவிட்டது. பதிலிலும் அந்தச் சூடு இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாயைச் சட்டை மாட்டுவதுபோல் மாஸ்டில் உருவி விட்டால் போதும். மாஸ்டை இழுத்துப் பிடிக்கும் பக்கக் கம்பி கிடையாது, இரண்டாவது ஆள் தேவையில்லை, கால் மணி நேரத்தில் தண்ணீரில் இறக்கிவிடலாம். கீழ் மாஸ்டையும் பாயையும் மாற்றினால் அதே ஹல்லில் (படகின் உடல்) பையன் 4.7 சதுர மீட்டர் பாயிலும், அவன் அக்கா 5.76லும், அப்பா 7.06லும் ஓட்டலாம். நம் ஊர் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டியது அந்த நடு அளவுதான். 2019ல் பெயரை ஐஎல்சிஏ என்று மாற்றினார்கள்; எங்களுக்கு இன்றும் லேசர்தான். மதியம் கடற்காற்று எழும்பி, பாயைத் தளர்த்தி, பின்காற்றில் படகு தூக்கிக்கொண்டு ஓடும் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாக இந்த விலையில் வேறு படகு இல்லை.

ஆனால் இது தண்ணீர் குடிக்கும். கால் வைக்கும் பள்ளமான காக்பிட்டில் விழும் தண்ணீரைச் சொல்லவில்லை, அதை பெய்லர் என்ற வடிகால் உறிஞ்சி வெளியேற்றிவிடும். மூடிய ஹல்லுக்குள் போகிற தண்ணீரைத்தான் சொல்கிறேன். 59 கிலோ ஹல்லில் ஐந்து லிட்டர் புகுந்தால் ஐந்து கிலோ கூடுகிறது. அது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. அலையில் மூக்கு இறங்கினால் முன்னால் ஓடும், நிமிர்ந்தால் பின்னால் ஓடும்.

பலர் நினைப்பதுபோல் இதற்கு விரிசல் மட்டும் காரணமல்ல. வெயிலில் கிடந்த ஹல்லுக்குள் காற்று சூடேறி இருக்கும். தண்ணீரில் இறக்கியதும் அது குளிர்ந்து சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே தண்ணீரை இழுக்கும். இதைத் தடுக்கத்தான் காக்பிட்டின் முன் சுவரில், மேல் விளிம்புக்கு அடியில், ஒரு சிறு மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் சும்மா கிடக்கும் படகில் குளவி அதைத் தேடிப் பிடித்து மண் வைத்து அடைத்துவிடும். மற்ற படகுகளில் உப்பு அடைத்திருக்கும். சீசனின் முதல் நாள் மெல்லிய கம்பி விட்டுக் குத்துங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதித் தண்ணீர் நின்றுபோன படகுகள் உண்டு.

அடுத்தது மாஸ்ட் குழி. மாஸ்டைத் தரையில் கிடத்துகிறோம், அடியில் மணல் ஒட்டுகிறது, அப்படியே குழியில் இறக்குகிறோம். ஒவ்வொரு முறை பாயைத் திருப்பும்போதும் மாஸ்ட் குழிக்குள் சுற்றும். மணல் உப்புத்தாள்போல் குழியின் தரையைத் தேய்க்கும். சில வருடத்தில் ஃபைபர் மெலிந்து ஓட்டையாகிவிடும். சோதிப்பது சுலபம்: குழியை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அந்தப் படகை அன்று கடலுக்குள் கொண்டுபோகக் கூடாது. குழியின் பிடிப்பு விட்டால் மாஸ்ட் மேல்தளத்தையே கிழித்துக்கொண்டு சாயும்.

ஒட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நாள் கணக்கில் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் எபாக்ஸி ஊற்றினால் அடுத்த மாதமே தகடாகப் பெயர்ந்து வரும். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, தடிமனாக்கிய எபாக்ஸியை மெல்லிய படலமாக மட்டும் ஊற்றுங்கள். ஒரு பக்கம் உயர்ந்துவிட்டால் மாஸ்டின் சாய்வே மாறிப்போகும். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் வட்டு. பிறகு ஒவ்வொரு முறையும் மாஸ்டின் அடியையும் குழியையும் ஒரு குவளை தண்ணீரால் கழுவினால் இந்த வேலை மறுபடி வராது.

மற்ற ஓட்டைகளுக்குச் சோப்பு நுரைதான். பின் பிளக்கைக் கழற்றி அங்கே ஒரு குழாயைச் செருகி, மூச்சுத் துளையை டேப்பால் அடைத்து, ஒருவர் வாயால் ஊத வேண்டும். இன்னொருவர் மேல்தளமும் ஹல்லும் சேரும் விளிம்பு, டேகர்போர்டு (நடுவில் கீழே இறக்கும் பலகை) பெட்டி, பெய்லர், ரடர் (சுக்கான்) தகட்டின் திருகுகள் எல்லாவற்றிலும் நுரை தடவிப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் வைத்தால் ஒட்டு பிளந்துவிடும், வேண்டவே வேண்டாம். முடிந்ததும் டேப்பை மறக்காமல் பிய்த்துவிடுங்கள். ரடர் திருகு பிடிக்காமல் சுற்றினால் பெரிய அளவுத் திருகு போட்டுச் சமாளிக்காதீர்கள். உள்ளே பிடிமானம் ஊறிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

மேல் மாஸ்ட் அலுமினியமாக இருந்தால் கீழ் மாஸ்டோடு சேரும் வளையத்தின் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்ட் முறியும் இடம் அதுதான்.

படகைக் கட்டிப்போடும்போது பிளக்கைக் கழற்றி, மூக்கை உயர்த்தி வையுங்கள். பாரத்தை விளிம்பு தாங்க வேண்டும். ஹல்லின் வயிற்றை ஒடுங்கிய கட்டையில் வைத்தால் கத்திரி வெயிலில் குழி விழுந்துவிடும். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுக்கிச் சுற்றினால் உள்ளே புழுங்கும். துணி உறை போதும்.

இத்தனை புகழ்ந்த பிறகும், அந்தப் பழைய லேசரை வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேல்தளத்தில் மாஸ்டுக்குப் பின்னால் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் நடுவிலுள்ள ஃபோம் ஊறிவிட்டது, அதற்கு வைத்தியம் இல்லை. அமுங்காவிட்டாலும் இன்றைக்கு என் வாயிலிருந்து 'வாங்கு' என்ற சொல் வராது. குழியைப் பூசி, துளையைக் குத்தி, நுரை தடவி எல்லாம் பார்த்தபின்னும், ஞாயிற்றுக்கிழமை பிளக்கைத் திறந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. இந்த ஞாயிறு மறுபடி சோப்போடு பெய்லரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.