லிஃப்ட் செய்யாமல் ஓர் அளவு பெரிய டயர்: பழைய டொயோட்டா டகோமாவில் 265/75 ஆர்16

அமெரிக்காவில் 2005 முதல் 2015 வரை விற்பனையான இரண்டாம் தலைமுறை டொயோட்டா டகோமா பிக்கப், தேய்ந்த டயரை மாற்றும் வேளை வரும்போதெல்லாம் உரிமையாளருக்கு ஓர் ஆசையைக் கிளப்பும் வண்டி. சக்கர வளைவுக்குள் இன்னும் இடம் இருப்பதுபோல் தோன்றும். அதை நிரப்பிவிடலாமே என்று மனம் சொல்லும். கொலராடோ மலைச்சாலைகளில் ஓடும் என் 4.0 லிட்டர் வி6 நான்கு சக்கர இயக்க டகோமாவில், ஆலையில் வந்த சஸ்பென்ஷனையும் ரிம்மையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஃபால்கன் வைல்ட்பீக் ஏடி3டபிள்யூ டயரை 265/75 ஆர்16 அளவில் பொருத்தியிருக்கிறேன். லிஃப்ட் செய்ய, அதாவது சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்த, விரும்பாதவர்கள் நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லை இந்த அளவுதான் என்பது என் முடிவு.

ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஒட்டியில் ஆலை அளவு இருக்கும். கரடுமுரடான பாதைக்கென வந்த டிஆர்டி ஆஃப்ரோடு வகைக்கு 265/70 ஆர்16: அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, ரிம் 16 அங்குலம். கணக்கிட்டால் விட்டம் சுமார் 777 மில்லிமீட்டர். 265/75 ஆர்16 டயரின் விட்டம் 804 மில்லிமீட்டர். அகலம் மாறுவதில்லை, உயரம் மட்டும் 27 மில்லிமீட்டர் கூடுகிறது. 17 அங்குல ரிம்மோடு வந்த ஸ்போர்ட் வகையினர் 265/65-லிருந்து 265/70-க்குப் போனால் கிடைப்பதும் ஏறத்தாழ இதே உயரம்தான்.

விட்டத்தில் கூடும் 27 மில்லிமீட்டரில் பாதி மட்டுமே தரையிலிருந்து வண்டியை உயர்த்தும் என்பதால், கையில் நிற்பது 13 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்பவர்கள் பின் ஆக்சிலைக் குனிந்து பார்க்க வேண்டும். டகோமாவின் பின்புறம் லீஃப் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்த ஒரே தண்டு ஆக்சில். அதன் நடுவில் தொங்கும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பற்சக்கரங்கள் அடங்கிய டிஃபரென்ஷியல் குடம்தான் பாறைப் பாதையில் முதலில் அடிபடுவது. எவ்வளவு விலை உயர்ந்த லிஃப்ட் கிட்டைப் போட்டாலும் உயர்வது பாடியும் ஃபிரேமும்தான். ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் குடத்தைத் தரையிலிருந்து விலக்கக்கூடியது டயரின் விட்டம் ஒன்றே. ஆகவே இந்த அரை அங்குலம், மூன்று அங்குல லிஃப்ட் தர முடியாத இடத்தில் கிடைக்கும் அரை அங்குலம்.

உரசல்தான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. நேராக ஓடும்போதும், சாதாரணத் திருப்பங்களிலும், வேகத்தடைகளிலும் என் வண்டியில் எதுவும் உரசுவதில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்துப் பின்னோக்கி எடுக்கும்போதுதான் முன் டயரின் தோள்பட்டை, வளைவின் பின்பகுதியில் உள்ள பிளாஸ்டிக் லைனரையும் மட்ஃப்ளாப்பின் உள் ஓரத்தையும் தொட்டது. முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் அமுங்கிய நிலையில் முழுத் திருப்பம் வந்தால் அதே இடத்தில் சற்று அழுத்தமாகத் தொட்டது. முன் மட்ஃப்ளாப்புகளைக் கழற்றி, லைனரைச் சூடான காற்றால் இளக்கிப் பின்னுக்குத் தள்ளிய பிறகு அந்த ஓசை நின்றுவிட்டது. வெட்டுவதற்கு இரும்பு எதுவும் இல்லை என்பதே இந்த அளவின் பெரிய வசதி. இதற்கு அடுத்த படியான 285/75 ஆர்16 சுமார் 834 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது; அதைப் போட்டால் கேபின் ஃபிரேமோடு இணையும் மவுன்ட்டின் முனையை அறுத்துப் பற்றவைக்கும் வேலை வந்து சேரும். பழைய வண்டியில் அப்படி ஒரு வேலையைத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை.

லைனரில் கை வைப்பதற்கு முன் வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்ப்பது நல்லது. லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும் கேம் போல்ட்டுகளைத் திருகி கேஸ்டர் கோணத்தை (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவை) கூட்டினால் சக்கரம் சிறிது முன்னோக்கி நகரும். பின்பக்க இடைவெளி அந்த அளவுக்குக் கூடும். அலைன்மென்ட் செய்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் எண்கள் பச்சைக் கோட்டுக்குள் வந்ததும் அவர் நிறுத்திவிடுவார். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் வளர்ந்த வண்டி என்றால் அந்தப் போல்ட்டுகள் துருவேறி இறுகிப்போயிருக்கலாம். அசைகின்றனவா என்று பார்த்துவிட்டு டயரை வாங்குவதே முறை. இன்னொன்று, நான் சொல்வதெல்லாம் ஆலை ரிம்முக்கு மட்டும்தான். வெளியே துருத்தி நிற்கும் ஆஃப்செட் குறைந்த ரிம்மைப் போட்டால், டயர் திரும்பும் வட்டம் பெரிதாகி, இதே அளவு நிறைய இடங்களில் உரசும்.

இந்த டயர் இதே அளவில் இரண்டு வகையாக வருகிறது: சாதாரண மெட்ரிக் வகை ஒன்று, எல்டி (லைட் டிரக்) எனப்படும், பத்து அடுக்கு வலிமை கொண்ட கனமான பத்துப் பிளை வகை இன்னொன்று. என் வண்டியில் இருப்பது 116 டி குறியீடு கொண்ட மெட்ரிக் வகை. 116 என்பது ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு; பிக்கப்பில் போடும்போது மெட்ரிக் டயரின் தாங்குதிறனை 1.10-ஆல் வகுத்துக் கணக்கிடுவது அமெரிக்க விதி. அப்படி வகுத்தாலும் டகோமாவின் எடைக்குத் தாராளமாகப் போதும். எப்போதும் பாரம் ஏற்றுபவர்களும், கூர்மையான கற்களின் மேல் தினமும் ஓட்டுபவர்களும் மட்டுமே பத்துப் பிளையை நாட வேண்டும். மற்றவர்களுக்கு அதன் கூடுதல் எடை பிரேக்கிலும், ஏற்றத்திலும், கடினமான அமர்விலும் சுமையாகவே வந்து சேரும். முரட்டுத்தனமாகத் தோன்றும் என்பதற்காகவே அதை வாங்குவோர் பலர். தோற்றத்துக்கு முதுகெலும்பு விலை கொடுக்கிறது. எல்டி வகை அதே பாரத்தைச் சுமக்க அதிகக் காற்றழுத்தம் வேண்டும் என்பதால், கதவு ஒட்டியில் உள்ள அழுத்தத்தை அப்படியே அதற்கு வைப்பதும் தவறு.

சாலையில் இந்த டயரின் நடத்தை திருப்தியானது. ஆல் டெரெயின் வகைக்குரிய மெல்லிய ரீங்காரம் நெடுஞ்சாலை வேகத்தில் கேட்கிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் பேச்சுக்கு இடையூறில்லை. ஈரச் சாலையில் பிடிப்பு நம்பிக்கை தருகிறது. மலைச் சிகரமும் பனித்துகளும் பொறித்த கடும்பனி முத்திரை இதற்கு உண்டு. கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் டாட்செரோ முதல் மாரிசன் வரையான பகுதியில், செப்டம்பர் 1 முதல் மே 31 வரை நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கும் பனிக்கேற்ற டயரும் அதில் குறைந்தது 3/16 அங்குலப் பள்ள ஆழமும் வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அந்த முத்திரை வெறும் அலங்காரம் அன்று. இதன் வாரிசான ஏடி4டபிள்யூ 2023-இல் வந்துவிட்டது. அளவைப் பற்றி இங்கே சொன்னவை அதற்கும் பொருந்தும்.

இழப்பும் உண்டு. பெரிய டயர் இறுதி கியர் விகிதத்தை (சக்கரம் ஒரு முறை சுழல டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற கணக்கை) நீட்டிவிடுவதால், 3.73 ஆக இருந்தது நடைமுறையில் 3.61 போல் ஆகிவிடுகிறது. ஐ-70 மலையைக் கடக்கும் ஐசன்ஹவர் சுரங்கத்தை நோக்கி ஏறும்போது ஐந்து வேக ஆட்டோமேட்டிக் முன்பைவிடச் சீக்கிரம் கீழ் கியருக்கு இறங்குகிறது. சமவெளியில் வித்தியாசம் தெரிவதே இல்லை.

ஸ்பீடாமீட்டர் முன்பு ஜிபிஎஸ் காட்டுவதைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. ஆனால் ஓடோமீட்டர் இப்போது குறைத்து எண்ணுகிறது: அது 100 மைல் என்று காட்டும்போது வண்டி 103.4 மைல் ஓடியிருக்கும். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் எரிபொருள் கணக்குப் போடுபவர்கள்தான் புது டயர் மைலேஜை விழுங்கிவிட்டது என்று புலம்புகிறார்கள். திருத்திப் பார்த்தால் எனக்கு ஏற்பட்ட மைலேஜ் குறைவு ஒரு கேலனுக்கு ஒரு மைலுக்கும் கீழேதான்.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களாக வாங்குங்கள். பகுதிநேர நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் ஆக்சில்களுக்கு இடையே வேக வித்தியாசத்தை ஏற்கும் டிஃபரென்ஷியல் கிடையாது. ஒரு மூலையில் மட்டும் பழைய சின்ன டயர் இருந்தால் அந்த இழுபறி முழுவதும், விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் விழும். பின்புறச் சரக்குத் தட்டின் அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் இந்த அளவு சிரமமின்றி அடங்குகிறது.

2005 முதல் 2010 வரையான டகோமா என்றால், முதலில் ஃபிரேமை ஒரு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அந்த ஆண்டு வண்டிகளின் ஃபிரேம் துரு தொடர்பாக டொயோட்டா 2016-இல் வழக்குச் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. தட்டிய இடம் மந்தமாக ஒலித்தால் டயர்ப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நட்டு ரிம்மோடு தாழ்வாக வந்த இரு சக்கர இயக்க அடிப்படை வகைக்கும் இந்த மதிப்புரை பொருந்தாது. அதன் ரிம் 15 அங்குலம், சஸ்பென்ஷன் உயரமும் வேறு.