பித்தளை நான்-ரிட்டர்ன் வால்வு: சத்தம் நின்றபிறகு எழுதுவது

தெருக் குழாயில் பழுப்புத் தண்ணீர் வருகிறது, உங்கள் வீட்டில் இருப்பதைப் போல, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று வாங்கிப் போடலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். பிளம்பருக்குக் கூலி கொடுத்த சூடு ஆறுவதற்குள் பதில் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது சென்னையில் பல தனி வீடுகளில் இருக்கும் ஏற்பாடுதான். மெட்ரோ வாட்டர் குழாய் வாசலில் ஒரு கிளை விட்டுச் சமையலறைக்குப் போகிறது. தண்ணீர் விடாத நாளுக்காக மாடித் தொட்டியின் போர் தண்ணீரும் அதே குழாயில் வந்து சேர்கிறது. அது தெருப் பக்கம் இறங்கிவிடாமல் தடுப்பதுதான் இந்த முக்கால் அங்குல வால்வின் ஒரே வேலை.

உடம்பு கெட்டி. மரை தேயவில்லை, ஒரு சொட்டு வெளியே கசிந்ததில்லை. தொல்லை சத்தம்தான். தெருக் குழாயின் அழுத்தமும் தொட்டியின் அழுத்தமும் ஏறக்குறைய சமமாகும்போது, உள்ளே இருக்கும் மடல் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். அதுவும் விடியற்காலையில். "யாரோ கதவைத் தட்டுகிறார்கள், பார்" என்று அம்மா எழுப்பாத வாரமில்லை.

திடீரென்று ஒருநாள் சத்தம் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி. பிறகு பக்கத்து வீட்டு அக்கா வந்தார். "தண்ணீர் விடாத நாளில்கூட எங்கள் வாசல் குழாயில் வருகிறது தம்பி. ஆனால் வாயில் வைக்க முடியவில்லை, ஒரே உப்பு." எங்கள் போர் தண்ணீர்! வால்வைத் திறந்து பார்த்தால், மடல் உட்காரும் இடத்தில் மிளகளவு கல். கீல் முழுக்க வெள்ளைப் படிவு. மடல் பாதி திறந்தபடி விறைத்து நிற்கிறது.

என் ஆத்திரமே இதில்தான். குழாய் கெட்டால் ஒழுகும், மோட்டார் கெட்டால் கத்தும். இது கெட்டால் வீடு அமைதியாகிவிடுகிறது. உப்பு இருந்ததால் நாக்குக்குத் தெரிந்தது. கிருமிக்கு ஏது சுவை? 1933இல் சிகாகோவில் இரண்டு ஹோட்டல்களின் குழாய் அமைப்பில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் ஆபத்தான இணைப்புகளுக்கு வைக்கும் வால்வில் இரண்டு தடுப்புகள், நடுவில் ஒரு வடிகால் வாய். தடுப்பு சரியாக மூடாவிட்டால் தண்ணீர் அந்த வாய் வழியே தரையில் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர்க் கடையில் அதைக் கேட்டேன். கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வை எடுத்து நீட்டினார்கள்.

நியாயமாகப் பார்த்தால் மணல் வரும் குழாயில் எந்த மடலும் சிக்கத்தான் செய்யும். சுத்தம் செய்து மாட்டியதும் ஒழுங்காக மூடுகிறது. சத்தமும் திரும்பிவிட்டது, இப்போது யாரும் குறை சொல்வதில்லை. உழைப்புக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் வாங்காதீர்கள். இரண்டு தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்க்காமல் இருங்கள். சம்புக்குள் வரும் குடிநீர்க் குழாயின் வாய், தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது உயரத்தில் நிற்கட்டும். அந்த இடைவெளியில் கெட்டுப்போக எதுவுமே இல்லை.

வாங்கியே தீருவேன் என்றால், முன்னால் ஒரு வடிகட்டி, இரண்டு பக்கமும் குழாயை அறுக்காமல் கழற்ற யூனியன் இணைப்பு, மூடியைத் திறக்க ஸ்பேனர் சுழலும் அளவுக்கு இடம். எங்கள் வீட்டில் சுவரோடு ஒட்டி வைத்திருந்ததால் குழாயை அறுத்துத்தான் எடுத்தார்கள். வால்வின் விலையைவிட அதை வெளியே எடுத்த கூலி அதிகம்.