மாதவரம் ரம்ப மில்: கண் முன்னால் அறுத்துத் தருகிறார்கள்

கொளத்தூரில் வீடு கட்டுகிறோம். தலைவாசல் நிலைக்குத் தேக்கு வேண்டும். அறுத்து அடுக்கிய சைஸ் மரத்தில் வெள்ளைக்கு, அதாவது பட்டையை ஒட்டி வரும் வெளிர் நிறப் பகுதிக்கு, சாயம் தடவியிருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது. "அறுக்காத முழு உருட்டாவே வாங்கி அறுத்துக்கலாம்மா" என்று சொல்லி, மாதவரத்தில் இருக்கும் இந்த மில்லுக்கு எங்கள் ஆசாரிதான் கூட்டிப் போனார்.

உருட்டு வாங்குமுன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சுற்றளவில் கால் பங்கை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். எங்கள் மரம் 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம். 12 x 12 x 10, அங்குலத்தை அடியாக்க அதை 144ஆல் வகுத்தால் 10 கன அடி. உண்மையில் உருட்டு 12.7 கன அடி வரும். சேதாரத்துக்காக இந்தக் கணக்கிலேயே கழிவு உண்டு. அப்படியும் நல்ல மரமாக வந்தது ஆறரை கன அடிதான். பட்டை, வெள்ளை, மரத்தின் மையத்தில் ஓடும் நடுக்குருத்து, தூள் என்று மற்றதெல்லாம் போய்விடும்.

இந்த மில்லைச் சொல்லக் காரணம் மேஸ்திரி. டிராலியில் மரத்தை ஏற்றியதும் ரம்பத்தை ஓட்டிவிடவில்லை. இரண்டு முனையிலும் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, மரத்தைப் புரட்டிப் போட்டார். "இந்த வெடிப்பு பலகையோடவே போகட்டும்மா. குறுக்க விட்டா நிலை நடுவுல வந்து நிக்கும்" என்றார். பட்டையோடு வரும் முதல் தோல் பலகை விழுந்ததும் அறுத்த முகத்தில் தண்ணீர் தெளித்தார். அதுவரை மங்கலாக இருந்த ரேகை பளிச்சென்று தெரிந்தது, ஓரத்து வெள்ளையும் தனியாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் அடுத்த வெட்டு. குருத்து எந்தச் சட்டத்திலும் வராமல் ஒதுக்கினார். குருத்து உள்ளே மாட்டிய சட்டம் காயும்போது வெடிக்கும். மெல்லிய நாடா போல ஓடும் பேண்ட் ரம்பம் என்பதால் தூளாகப் போவதும் வட்ட ரம்பத்தைவிடக் குறைவு. இவ்வளவு அக்கறையாக அறுத்துக் கொடுத்தவருக்கு என் மனமார்ந்த நன்றி.

குறையும் உண்டு. பில்லில் மொத்தக் கன அடி மட்டும் எழுதுகிறார்கள். துண்டுவாரியாக அளவைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தோல் பலகையும் தூளும் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

வார நாளில் காலையில் போனால் காத்திருக்க வேண்டாம். ஆசாரி கட்டாயம் கூட வரட்டும். மரம் காய்ந்து சுருங்குவதற்கும் இழைப்புக்கும் சேர்த்து கால் அங்குலம் கூட்டி அறுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முனைகளில் பெயிண்ட் அடித்து, இடையில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து நிழலில் அடுக்குங்கள்.