சைபீரியன் ஹஸ்கியா, அலாஸ்கன் ஹஸ்கியா?

அலாஸ்காவின் இடிடராட் போல சுமார் 1,600 கி.மீ. நாய்கள் பனியில் இழுத்து ஓடும் சறுக்குவண்டிப் பந்தயத்துக்கு நாய் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

வேகம்: அலாஸ்கன். ஓட்டத்துக்காகவே கலந்து வளர்த்த நாய்; முன்னணியில் வருபவை பெரும்பாலும் இவையே. சைபீரியன் சற்று நிதானம்.

குளிர்: சைபீரியனுக்கு அடர்ந்த இரட்டை ரோமம். அலாஸ்கனுக்குப் பல நேரம் மேலங்கி தேவை.

பாதம்: இரண்டுக்கும் துணிக் காலுறை மாட்டுங்கள். விரலிடுக்கில் பனி கட்டினால் புண்ணாகிவிடும். இதில் சோம்பலே கூடாது.

தீனி: பந்தய நாளில் ஒரு நாய்க்கு ஏறத்தாழ 10,000 கலோரி. களைத்தபோதும் ஆவலாகச் சாப்பிடும் நாய்தான் என் தேர்வு, இனம் அப்புறம்.

வெல்ல வேண்டுமா, அலாஸ்கன். பந்தயத்தை நல்லபடியாக முடித்தாலே மகிழ்ச்சி என்பவருக்குச் சைபீரியன். 1925இல் அலாஸ்காவின் நோம் நகருக்குத் தொண்டை அடைப்பான் மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோன ஓட்டத்தில் மிக நீண்ட பகுதியை ஓடிய டோகோ என்ற நாயும் அந்த இனமே.