ஸ்பெயினில் மாஸ்டர்ஸ் சேரப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் பட்டத்தின் பெயரைப் பாருங்கள்

9,800 யூரோ கட்டி, பத்து மாதம் மாட்ரிட்டில் படித்து, எல்லாத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்கினேன். கடைசியில் என் கைக்கு வந்தது ஸ்பெயின் அரசின் கணக்கில் பட்டமே இல்லாத ஒரு காகிதம். இதை வைத்து அந்த நாட்டில் பிஎச்டி சேர முடியாது. இந்த விஷயம் பணம் கட்டுவதற்கு முன் எனக்குத் தெரிந்திருந்தால் அப்பா இவ்வளவு கடன் வாங்கியிருக்க மாட்டார்.

கல்வி நிறுவனத்தின் பெயரையும் ஏஜென்ட்டின் பெயரையும் எழுதவில்லை. புகார் இன்னும் முடியவில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு இடத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே பொய்யைச் சொல்கிற வேறொருவரிடம் போய் நிற்பீர்கள் என்ற பயமும் இருக்கிறது. ஆகவே ஏமாற்று எப்படி நடக்கிறது என்பதையே சொல்கிறேன்.

நான் உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். கோவையில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையத்துக்கு 2023 ஏப்ரலில் அப்பாவோடு போனேன். மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு அங்கேயே பிஎச்டி செய்ய வேண்டும், அதுதான் என் நோக்கம் என்று முதல் நாளே சொன்னேன். "தாராளமா பண்ணலாம்மா. அறுபது கிரெடிட் மாஸ்டர்ஸ், யூரோப் முழுக்கச் செல்லும்" என்றார் அங்கிருந்தவர். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கவர்மென்ட் அங்கீகாரம் இருக்குங்களா?" அதற்கு அவர், "விசாவைக் கவர்மென்ட்தானே சார் தருது? அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு விசா தருவாங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அப்பாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

அந்தப் பதிலில்தான் ஏமாந்தோம். நான் விண்ணப்பித்த 2023-ல், அனுமதி பெற்ற ஒரு கல்வி மையம் உங்களைச் சேர்த்துக்கொண்டதா, முழுநேரப் படிப்பா, செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்றுதான் விசாவுக்குப் பார்த்தார்கள். படித்து முடித்தால் கிடைக்கும் பட்டம் அரசுப் பட்டமா என்பது வேறு கேள்வி. (2025 மே 20 முதல் வெளிநாட்டினருக்கான புது விதிகள் வந்துவிட்டன. விசா நிபந்தனைகளை இப்போது புதிதாகப் படித்துக்கொள்ளுங்கள்.)

ஸ்பெயினில் மாஸ்டர் இரண்டு வகை. ஒன்று, 'ஒஃபிசியால்', அதாவது அரசு அங்கீகரித்த பட்டம். இன்னொன்று 'தீத்துலோ ப்ரோப்பியோ'. ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொறுப்பில் தரும் சான்றிதழ் இது. இரண்டிலும் 60 கிரெடிட் (ஓராண்டுப் படிப்பின் அளவு) இருக்கலாம், இரண்டிலும் ஆய்வறிக்கை எழுதச் சொல்லலாம், இரண்டையும் 'மாஸ்டர்' என்றே பேச்சில் சொல்வார்கள். பல தனியார் பயிற்சி நிறுவனங்கள் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இந்த இரண்டாவது வகையைத்தான் நடத்துகின்றன. அது சட்டப்படி சரியானதே. என் வகுப்பில் ஏற்கெனவே வேலையில் இருந்த சிலர் அதன் தரம் தெரிந்தே சேர்ந்திருந்தார்கள், அவர்களுக்கு அது பயன்பட்டது. பாடம் நடத்திய ஆசிரியர்கள் மேலும் எனக்குக் குறையில்லை. பிஎச்டி போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்ன பெண்ணிடம், பிஎச்டிக்குச் செல்லாத படிப்பை விற்றதுதான் அநியாயம்.

எனக்கு இதை முதலில் சொன்னது கூடப் படித்த ஒரு கொலம்பியப் பெண். நவம்பர் மாதம், இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். பிஎச்டி பற்றி நான் பேச ஆரம்பித்ததும் அவள் முகம் மாறியது. "இது ப்ரோப்பியோ, தெரியுமல்லவா?" என்றாள். அவர்கள் நாட்டில் இந்த ஸ்பெயின் சான்றிதழ்களைக் கொண்டுபோய் அங்கீகாரம் கிடைக்காமல் தவித்தவர்கள் ஏராளம்; அதற்கென்று சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு போடும் அளவுக்குப் போன பிரச்சினை அது. லத்தீன் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் சேரும்போதே கேட்கிற முதல் கேள்வி 'ஒஃபிசியாலா, ப்ரோப்பியோவா' என்பதுதானாம். எனக்கு அந்த இரண்டு சொற்களையும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்று இரவே ஏஜென்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். மறுநாள் ஒரு குரல் பதிவு வந்தது. "அந்தப் பொண்ணு அவங்க நாட்டு ரூல்ஸ் சொல்லுதும்மா, நமக்கு அது பொருந்தாது. நீ படிப்புல கவனம் வை." நான் நம்பினேன். பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, நம்பாமல் வேறு என்ன செய்வது என்று இருந்தது. இப்போது யோசித்தால், அன்றே ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் ஏழு மாதம் மிஞ்சியிருக்கும்.

2024 ஜூலையில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் பிஎச்டி பிரிவுக்கு விண்ணப்பித்தேன். பதில் இரண்டே வரி. நான் இணைத்திருப்பது அரசுப் பட்டம் இல்லை, எனவே சேர்க்கைத் தகுதி இல்லை. அங்கே பிஎச்டிக்குப் பொதுவாக இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்ந்து 300 கிரெடிட், அதில் குறைந்தது 60 மாஸ்டர் நிலையில், எல்லாம் அரசுப் பட்டங்களாக இருக்க வேண்டும். என் அறுபது அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

வித்தியாசத்தை என் கண்ணால் பார்த்தது அதற்கு அடுத்த வாரம். என்னோடு தங்கியிருந்த ஸ்பெயின் பெண் தன் பட்டச் சான்றிதழை அட்டைக் குழாயிலிருந்து உருவி மேசைமேல் விரித்தாள். மேலே அரசு முத்திரை. முதல் வரியில் ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பேயின் பெயர். அவர் பெயரால் பல்கலைக்கழக ரெக்டர், அதாவது நம் ஊர்த் துணைவேந்தர் போன்றவர், இந்தப் பட்டத்தை வழங்குகிறார் என்று எழுதியிருந்தது. அரசுப் பட்டங்கள் எல்லாமே மன்னர் பெயரில்தான் வரும். என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். கெட்டியான காகிதம், தங்க நிற விளிம்பு, இரண்டு கையெழுத்து. மன்னர் பெயர் இல்லை. அடியில், எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி: இந்தப் படிப்புக்கு அரசுப் பட்டத்தின் தன்மை கிடையாது. அவ்வளவு நேரம் அதைக் கையில் வைத்திருந்தும் அந்த வரியை நான் படித்திருக்கவில்லை. அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் தன் சான்றிதழைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டாள்.

இதே ஏஜென்ட் 'தங்குமிடமும் நாங்களே பார்த்துத் தருகிறோம்' என்று தனியாகப் பணம் வாங்கியிருந்தார். முதலில் போய் இறங்கிய அந்த அறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்ரிட்டின் கராபஞ்செல் பகுதியில், ஜன்னல் உள்முற்றத்தைப் பார்த்த ஒரு சின்ன அறை. அறை மோசமில்லை. ஆனால் வீட்டுக்காரர் 'எம்பத்ரோனமியெந்தோ' செய்ய விடமாட்டேன் என்றார். நாம் எந்த முகவரியில் குடியிருக்கிறோம் என்று நகராட்சியில் பதிவு செய்வதுதான் அது. ஸ்பெயினில் குடியிருக்கும் எல்லோரும் செய்ய வேண்டிய பதிவு. ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டினர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல ஊர்களில் அதற்கு இந்தப் பதிவுச் சான்றைக் கேட்கிறார்கள். அறை பார்க்கும்போதே "இந்த முகவரியில் பதிவு செய்யலாமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழுப்பினால் வேறு அறை பாருங்கள்.

அந்த அடையாள அட்டைக்குக் கைரேகை வைக்க நேரம் வாங்குவது அதைவிடப் பெரிய பாடு. இணையதளத்தில் எப்போது திறந்தாலும் இடமில்லை என்றே வரும். ஒரு தொலைபேசிக் கடைக்காரர் 80 யூரோ வாங்கிக்கொண்டு மறுநாளே நேரம் எடுத்துக் கொடுத்தார். அந்த நேரம் அரசு இலவசமாகத் தருவது. ஆட்களும் கணினி நிரலிகளும் வைத்து மொத்தமாக நேரங்களைப் பிடித்து விற்ற ஒரு கூட்டத்தை ஸ்பெயின் போலீஸ் 2023-ல் கைது செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதிகாலையிலும், வாரத்தின் முதல் வேலை நாளிலும் விடாமல் முயன்றால் கிடைக்கிறது; என் தோழிகள் இரண்டு பேருக்கு அப்படித்தான் கிடைத்தது.

சரி, புகார் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பெயினில் கடைகள், நிறுவனங்களின் சுவரில் 'ஓஹாஸ் தே ரெக்லமாசியோனெஸ்' என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் அதிகாரப்பூர்வப் புகார்ப் படிவம் தர வேண்டும் என்று அதற்குப் பொருள். நான் படித்த நிறுவனத்தில் படிவம் கேட்டபோது வரவேற்பில் இருந்தவர், மேலாளர் இல்லை, மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். அவர் தலைக்குப் பின்னால் இருந்த அறிவிப்பைக் கைகாட்டினேன். தரவில்லை என்றால் நகரப் போலீஸைக் கூப்பிடலாம் என்று தோழி சொல்லிக் கொடுத்திருந்தாள். அதைச் சொன்னதும் மேசை இழுப்பறையிலிருந்து படிவம் வந்தது. நிரப்பி, என் பிரதியை எடுத்துக்கொண்டு, 'ஓமிக்' எனப்படும் நகராட்சி நுகர்வோர் அலுவலகத்தில் கொடுத்தேன். அதற்குக் கட்டணம் இல்லை.

நிறுவனத்தின் பதில் வந்தது. சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் 'தீத்துலோ ப்ரோப்பியோ' என்று இருக்கிறது, மாணவி தெரிந்தேதான் சேர்ந்தார் என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான், அந்தச் சொல் அங்கே இருந்தது. ஒப்பந்தம் முழுக்க ஸ்பானிஷ் மொழியில். கோவை அலுவலகத்தில் மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி வைத்துக் கொடுத்தார்கள். அந்த அலுவலகம் இப்போது என் எண்ணை எடுப்பதில்லை. அவர்களுக்குக் கட்டிய 1,20,000 ரூபாய்க்கு நுகர்வோர் ஆணையத்தில் மனு போட அப்பா வக்கீலைப் பார்த்திருக்கிறார். குரல் பதிவை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் எந்த ஏஜென்ட்டோடும் வாய்ப்பேச்சில் நிறுத்தாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். ஸ்பெயினின் பல்கலைக்கழகத் துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் பல்கலைக்கழகங்கள், மையங்கள், பட்டங்களுக்கான பதிவேடு ஒன்று இருக்கிறது. ஆர்.யு.சி.டி. என்பது அதன் சுருக்கம். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பட்டத்தின் முழுப் பெயரையும் ஸ்பானிஷில் கேட்டு வாங்கி அதில் தேடுங்கள். அரசுப் பட்டம் என்றால் ஏழு இலக்க எண்ணோடு அங்கே இருக்கும். இல்லையென்றால் அது அரசுப் பட்டம் இல்லை, ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி. பெயரைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அரசுப் பட்டத்தின் பெயர் 'மாஸ்டர் யுனிவர்சிதாரியோ' என்று தொடங்கும். 2021-ல் வந்த 822-ஆம் எண் அரசாணைக்குப் பிறகு மற்ற வகைக்கு 'மாஸ்டர் தே ஃபொர்மாசியோன் பெர்மனென்தே' என்று பெயர். விளம்பரத் தாளில் வெறும் 'மாஸ்டர் இன்' என்று மட்டும் இருந்தால் நின்று கேளுங்கள்.

பணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுப் பல்கலைக்கழகங்களில் ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று அந்தந்த மாநில அரசு கட்டணம் வைக்கிறது. மாட்ரிட்டில் வெளிநாட்டு மாணவர்களுக்கு அதிகம்தான். ஆனால் தெற்கே உள்ள அந்தலூசியா மாநிலத்தில் ஓராண்டு அரசு மாஸ்டர் ஆயிரம் யூரோவுக்குள் முடிகிற துறைகள் உண்டு. நான் கட்டியது அதைப்போல் ஒன்பது பத்து மடங்கு. அங்கே சேர்த்துவிட்டால் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கிடைக்காது, அதனால் அந்தப் பெயர்களே அவர்கள் வாயில் வராது. நான் இப்போது அங்கேதான் அரசு மாஸ்டருக்கு விண்ணப்பித்திருக்கிறேன், முதலிலிருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை என் கல்லூரி ஜூனியர் ஒருத்தி கூப்பிட்டாள். "அக்கா, நானும் ஸ்பெயின் வர்றேன்" என்று அவ்வளவு சந்தோஷம். எந்த ஏஜென்ட் என்று கேட்டேன், அதே இடம். கையில் இருக்கிற தாளில் படிப்பின் பெயர் என்ன போட்டிருக்கிறது, எழுத்து எழுத்தாகப் படி என்றேன். படித்தாள். 'யுனிவர்சிதாரியோ' இல்லை. அட்வான்ஸ் கட்டிவிட்டாயா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லக்கா. புதன்கிழமை கட்டணும்னு சொல்லியிருக்காங்க."